இருபதாவது ஆளை அவுட்டாக்கியது யார்?

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், இத்தாலியின் பலேர்மோவில் ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் இருக்கிற ஒரு மைதானத்தில் நடந்த கதை இது. மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி புல், பாதி புழுதி, மிச்சம் நாய்கள். அந்தப் புழுதியில் வாய் நிறைய மண்ணோடு முகங்குப்புறக் கிடந்துவிட்டு, எழும்பும்போது என்னை ஒரு வீரன் என்று நினைத்துக்கொண்டுதான் எழும்பினேன். அந்த நினைப்பு சரியாக ஒரு நாள் நிலைத்தது.

முதலில் என் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடமாக ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில் சமையல், துப்புரவு, அயன் பண்ணுவது எல்லாம் நான்தான். ஆனால் அங்கே கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் பீங்கான் கோப்பைகளை மட்டும் நான் தொடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமையே வந்த சட்டம் அது. முதலாம் கிழமை பன்னிரண்டு கோப்பை இருந்தது. இப்போது ஒன்பது.

இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு நான் ஒரு பேஸ்போல் அணியில் இருந்தேன் என்றால் நம்பமாட்டீர்கள். இங்கே வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் அரை நாள் லீவு. எங்கட ஆக்கள் அந்த அரை நாளில் பூங்காவில் டெனிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடுவோம். ஒரு நாள், ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் மரத்தடியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் நடத்தும் பேஸ்போல் அணிக்கு ஆள் போதாதாம். "மூன்று பேர் வாருங்கள்," என்றார். அவர் மனதில் இருந்தது இரண்டு பேர். மூன்றாவதாக நானே போய் நின்றுவிட்டேன்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் மன்னார்க்காரர். துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. என்னைவிட ஐந்து வயது இளையவர், நான் தம்பி என்பேன். ஒரு நாளைக்கு இருபது சொல் கதைத்தால் அதிகம், ஆனால் அவர் எறிகிற பந்து விசில் அடிக்கும். எங்கள் அணியில் பந்து எறிகிறவர் அவர்தான். மற்றவர் மொரிசியஸ்காரர். பாட்டனுக்குப் பாட்டன் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார், ஆனால் எங்களோடு இத்தாலியனில்தான் கதைப்பார். ஒரு மாடிக் கட்டடத்தில் வாயில் காவலர். ஆளும் வாசல் நிலை மாதிரி உயரம். அவரை முதலாம் தளத்தில் நிறுத்தினார்கள்.

என்னை வலப்பக்க வெளியில், எல்லாரையும் விடத் தூரத்தில் நிறுத்தினார்கள். பந்து அதிகம் வராத இடம் அது. வந்தாலும் எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தார்களோ தெரியாது.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அடிக்கிறவர் பந்தை அடித்துவிட்டு முதலாம் தளத்துக்கு ஓட வேண்டும். அவர் போய்ச் சேருவதற்கு முன் பந்து அந்தத் தளத்தில் கால் வைத்து நிற்கிறவரின் கைக்குப் போனால் அவர் அவுட். அடித்த பந்தை நிலத்தில் விழாமல் பிடித்தாலும் அவுட், மூன்று பந்தை அடிக்கத் தவறினாலும் அவுட். எங்கள் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று பேரை அவுட்டாக்க வேண்டும். வந்த இருபத்தொரு பேரில் ஒருத்தர்கூட முதலாம் தளத்தில் உயிரோடு நிற்காமல் திரும்பிப் போனால் அதற்குப் பேர் பேர்பெக்ட் கேம். பந்து எறிகிற ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தரம் வாய்த்தாலே பெரிசு. வெளியில் நிற்கிற ஒரு விசரன் ஒரே ஒரு பந்தைக் கைதவற விட்டாலும் போச்சு. சரியாக நடந்தால் பேர் என்னவோ எறிந்தவருக்கு மட்டும்தான்.

இந்த விஷயத்தில் எனக்கும் பயிற்சியாளருக்கும் பெரிய வாக்குவாதம். "எங்கட கிரிக்கெட்டில் பிடிச்சவர் பேரையும் எறிஞ்சவர் பேரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம். உங்கட ஆட்டத்தில் பிடிக்கிறவனுக்கு மரியாதை இல்லை," என்று வியாழனுக்கு வியாழன் பயிற்சியில் நியாயம் கேட்பேன். அவர் ஒரு நாள் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டுச் சொன்னார்: "நீ முதலில் ஒன்றைப் பிடி. பிறகு பேரைப் பற்றிக் கதைப்போம்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் தம்பி பதினேழு பேரை வரிசையாக அனுப்பிவிட்டார். பதினெட்டாவது ஆள் அடித்த பந்து மேலே எழும்பி, சொல்லிவைத்தாற்போல் என்னிடம் இறங்கியது. "விடுங்கோ, விடுங்கோ, எனக்கு," என்று நான் சத்தம் போட்டதில் இரண்டு பேர் ஒதுங்கினார்கள். பந்து என் நெஞ்சில் விழுந்து, அங்கிருந்து நிலத்தில் விழுந்தது. தம்பியின் பேர்பெக்ட் கேம் அதோடு முடிந்தது. ஆட்டம் முடிய அவர் என்னிடம் வந்து, "பரவாயில்லை அண்ணை, கண்ணுக்கை வெயில்," என்றார். அன்றைக்கு முழு நாளும் மப்பு, சூரியனைக் கண்ணிலேயே காணவில்லை. அவர் ஏசியிருந்தால் நான் நித்திரை கொண்டிருப்பேன்.

இந்தக் கதை நடந்த வருடம் பங்குனி மாதம் தம்பி ஒரு செய்தி சொன்னார். வடக்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் முடிய, ஜூனில் குடும்பத்தோடு ஜெனோவாக் கப்பல் ஏறுகிறார். அங்கே பேஸ்போல் விளையாட நேரமும் இராது, இரண்டு ஷிப்ட் வேலை. ஜூன் மாதத்து அந்த ஞாயிற்று ஆட்டம்தான் கடைசி.

நான் ஒரு முடிவு எடுத்தேன். அவருக்குப் பேர்பெக்ட் கேம் வாங்கிக் கொடுக்க என்னால் ஏலாது. ஆனால் இனி ஒன்று கெடுவதென்றால் என் கையால் கெடக்கூடாது.

அன்றிலிருந்து அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் இரண்டு அறை வீடு பயிற்சி முகாம் ஆனது. மனுசியைக் குசினி வாசலில் நிற்க வைத்து உருளைக்கிழங்கு எறியச் சொன்னேன். அவ ஒரு கிழங்கைக் கையில் எடுத்து நிறை பார்த்துவிட்டுச் சொன்னா: "கலியாணம் கட்டிப் பதினாறு வருசம். நீங்களாக் கேட்டு நான் எறியிறது இண்டைக்குத்தான் முதல்."

"மெதுவா எறியும்."

"ஆட்டத்திலை மெதுவாத்தான் வருமோ?"

நெற்றியில் ஒன்று, காதில் ஒன்று என்று தொடங்கி, இரண்டு மாதத்தில் பத்துக்கு எட்டுப் பிடிக்கிற நிலைக்கு வந்தேன். சிஞ்ஞோரா வீட்டில் அயன் பண்ணும்போது காலுறைகளைச் சுருட்டிச் சுவரில் எறிந்து பிடித்தேன். பல்லாரோ சந்தையில் தோடம்பழக்காரர் எனக்குப் பழத்தைக் கையில் தருவதில்லை, நாலு கடை தள்ளி நிற்கச் சொல்லி எறிவார். சந்தையில் எனக்கு அந்த நாட்களில் நல்ல பேர். மனநிலை சரியில்லாதவர் என்று.

ஒன்றை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை. கிரிக்கெட்டில் பந்து எறிகிறவர் ஓடி வரும்போது வெளியில் நிற்கிறவர்களும் நாலு அடி முன்னுக்கு நடந்து வருவோம், ஓட்டத்தைத் தடுக்க. சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம். பேஸ்போலில் வெளியில் நிற்கிறவர் பின்னுக்கு நிற்க வேண்டும். தம்பி ஒவ்வொரு பந்துக்கும் கையைச் சுழற்ற, என் கால் தானாக முன்னுக்கு நடக்கும். திரும்பிப் பழைய இடத்துக்குப் போக மறந்துவிடுவேன். பயிற்சியாளர் "பின்னாலே, பின்னாலே" என்று கத்திக் கத்தியே அவருக்குத் தொண்டை கட்டும்.

அந்த ஞாயிறு வந்தது. பூசை முடிந்து நேரே மைதானத்துக்குப் போனோம். எதிரணி கத்தானியாப் பக்கத்துக்காரர், எல்லாரும் தோள் அகலமானவர்கள். தம்பியின் மனுசி இரண்டு பிள்ளைகளோடும் ஒரு போனோடும் வந்து மரநிழலில் இருந்தா.

தம்பிக்கு ஆட்டத்தின்போது பதற்றம் கூட. அதனால் நாங்கள் அடிக்கிற முறை வரும்போதெல்லாம் வாங்கிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து பகிடி சொல்வது என் வேலை. அணியில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலையும் அதுதான்.

நாலாவது இன்னிங்ஸ் முடிந்தது. ஸ்கோர் எழுதுகிறவர் பயிற்சியாளரின் தங்கச்சி. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒரு பெரிய புத்தகத்தோடு இருப்பா. அவ புத்தகத்தைத் தமையனுக்குக் காட்டினா. அவர் பார்த்தார். குனிந்து வாங்கிலின் இரும்புக் காலைத் தொட்டார். பிறகு, தம்பி தண்ணீர் குடிக்கப் போன நேரம் எங்களைக் கூட்டி மெல்லச் சொன்னார். பன்னிரண்டு பேர் வந்தார்கள், பன்னிரண்டு பேரும் போய்விட்டார்கள். இனிமேல் அந்த வார்த்தையை ஒருத்தரும் வாயில் எடுக்கக்கூடாது. அவரோடு ஒருத்தரும் கதைக்கவும் கூடாது. பேஸ்போலில் அது பழைய வழக்கமாம்.

பலேர்மோக்காரர் ஆறு பேரும் கண்ணூறு படாமல் இருக்க இரும்பு தேடித் தொட்டார்கள். மொரிசியஸ்காரர் கழுத்துச் சங்கிலியை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிள்ளை கொழுகொழு என்று இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாலே அம்மா மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போடுகிற இனம் நாங்கள். எங்கட பாஷையில் அது நாவூறு.

"குறிப்பாக நீ," என்று பயிற்சியாளர் என் பக்கம் விரலை நீட்டினார்.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து வாங்கிலுக்கு வந்தோம். தம்பி வழமையான இடத்தில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். வாய்க்குள் நாலு பகிடி முட்டிக்கொண்டு நின்றது. ஒன்றையும் விடவில்லை.

"என்ன அண்ணை, கதைக்கிறியள் இல்லை?" என்றார்.

கன்னத்தைப் பிடித்தேன். "பல்லுக்கொதி."

"எந்தப் பல்லு?"

"எல்லாம்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மைதானத்தைப் பார்த்தார். "ஓம், எல்லாப் பல்லும் ஒருமிக்கக் கொதிச்சால் கஷ்டந்தான்," என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். நான் என் வாழ்நாளில் செய்த மிகக் கடினமான வேலை, அந்த இரண்டு இன்னிங்ஸ் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்.

ஐந்திலும் ஆறிலும் எங்கட ஆக்கள் நிலத்தில் விழுந்து புரண்டு பிடித்தார்கள். ஒருவர் கம்பி வேலியில் முதுகை மோதிக்கொண்டு பிடித்தார். பதினெட்டுப் பேர் போய்விட்டார்கள். என்னிடம் பந்து வரவேயில்லை. வரவேண்டாம் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். உடனேயே, வந்தாலும் வாறது வரட்டும், பிடிக்கிறன் என்று பல்லைக் கடித்தேன். கொதி இல்லாத பல்லுத்தானே.

கடைசி இன்னிங்ஸ். பத்தொன்பதாவது ஆளைத் தம்பி மூன்று பந்தில் அனுப்பினார். இருபதாவது ஆள் வந்தார். முதல் பந்துக்கு நான் நாலு அடி நடந்தேன். இரண்டாவது பந்துக்கு இன்னும் நாலு அடி. பயிற்சியாளரின் குரல் அடைத்துப் போயிருந்தது, அவர் இரண்டு கையாலும் பின்னுக்குப் போ என்று காட்டியது எனக்குக் கை அசைத்து உற்சாகப்படுத்துகிற மாதிரித் தெரிந்தது. மூன்றாவது பந்துக்கும் நடந்தேன். இப்போது நான் நிற்கவேண்டிய இடத்திலிருந்து கிட்டத்தட்டப் பன்னிரண்டு அடி முன்னுக்கு.

அவர் அடித்தார். பந்து நிலத்தோடு நிலமாகச் சீறிக்கொண்டு, முதலாம் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவால் தப்பி வெளியே வந்தது. எல்லாரும் முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். வெளியில் நிற்கிறவர் ஒழுங்காகப் பின்னுக்கு நின்றிருந்தால் முடிந்ததுதான். பந்து அவரிடம் உருண்டு போவதற்குள் ஓடுகிறவர் தளத்தில் நின்று மூச்சு வாங்கியிருப்பார். ஆனால் நான் நிற்கக்கூடாத இடத்தில் நின்றேன். பந்து நேரே என் காலுக்கு வந்தது. தோல் கையுறை இடக்கையில் இருப்பதே நினைவில்லை. கிரிக்கெட்டில் எடுக்கிற மாதிரி வெறும் வலக்கையால் அள்ளினேன். அள்ளிய வேகத்திலேயே முதலாம் தளத்தைப் பார்த்து எறிந்தேன். எறிந்த விசையில் கால் பின்னி முகங்குப்புற விழுந்தேன்.

கிடந்தபடியே நடுவர் அவுட் என்று கத்தியது கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் கை மேலே இருந்தது.

இருபத்தோராவது ஆள் பந்தை மெல்லத் தட்ட, அது தம்பியிடமே போனது. அவர் எடுத்து மொரிசியஸ்காரருக்கு எறிந்தார். முடிந்தது. தம்பி எறிந்த இடத்திலேயே குந்தியிருந்து கையுறையால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் போய் மேலே விழுந்தோம். நான் மண்ணைத் துப்பிக்கொண்டே விழுந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் தம்பி குடும்பத்துக்குப் பிரியாவிடை. கொத்துரொட்டி, ஆட்டுக்கறி, கேக். அணியும் வந்திருந்தது. இரண்டு இன்னிங்ஸ் அடைத்து வைத்த வாயை நான் அங்கே திறந்தேன். இருபதாவது ஆளை நான் அவுட்டாக்கிய கதையை வாசலில் ஒரு தரம், சாப்பாட்டு வரிசையில் ஒரு தரம், பாதருக்குத் தனியாக ஒரு தரம் சொன்னேன். ஒவ்வொரு தரமும் நான் பந்தை எறிந்த தூரம் கூடியது. "எறிஞ்சன் பாருங்கோ, நூல் பிடிச்ச மாதிரி. நேரே கைக்கை."

மொரிசியஸ்காரர் கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வந்தார். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். நான் விடுவேனா. "ஓடித் திரிஞ்ச எங்களுக்கே ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் நின்ற உமக்கு என்ன நொண்டல்?" என்று இத்தாலியனில் கேட்டேன். எனக்கு நானே சிரித்தேன். மேசையில் வேறு ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த நேரம் ஸ்கோர் எழுதுகிற அம்மா தம்பிக்குப் பரிசு கொடுத்தா. அந்த ஆட்டத்தின் பக்கத்தைப் புத்தகத்திலிருந்து பிரதி எடுத்துச் சட்டம் போட்டிருந்தா. நான் முண்டியடித்துக்கொண்டு போய், "என்னுடையது எங்கே?" என்றேன். அவ விரலை வைத்தா. 9-3 என்று இருந்தது.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு இலக்கமாம். ஒன்பது நான். மூன்று முதலாம் தளம். "நீ உதவி செய்தாய். அவுட்டாக்கியது அவர்," என்றா. அது மட்டுமா, தம்பி அடிக்கவே விடாமல் அனுப்பிய ஆறு பேரைக்கூட, அடிக்கிறவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடித்தவருக்குத்தான் போடுவார்களாம். தம்பி சட்டத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். "அப்ப நான் என்ன செய்தனான்?" என்றார். எல்லாரும் சிரித்தோம். பிடிக்கிறவனுக்குப் பேர் இல்லை என்று நான் மூன்று வருடம் சண்டை பிடித்த அந்த ஆட்டத்தில், பிடித்தவர்கள் எல்லாரும் வரிசையாக அந்தத் தாளில் இருந்தார்கள். நான் ஒருநாளும் புத்தகத்தைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் நான் விடவில்லை. "உதவியோ? நூல் பிடிச்ச மாதிரி எறிஞ்சன். அவர் சும்மா கையை நீட்டினவர்."

அந்த அம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்தா. "நீ எறிந்த உடனே நான் இதைக் கீழே வைத்துவிட்டேன். போச்சு என்று நினைத்தேன்," என்றா.

எனக்கு விளங்கவில்லை. தம்பியின் மனுசியிடம், "தங்கச்சி, நீர் வீடியோ எடுத்தனீர் தானே. ஒருக்காப் போட்டுக் காட்டும், இவைக்கு விளங்கட்டும்," என்றேன். அவ தயங்கினா. "வேண்டாம் அண்ணா, பிறகு பாப்பம்." நானேதான் வற்புறுத்தினேன். இதை வேறு யார்மேலும் பழி போட முடியாது.

போனில் முதலில் நான் வந்தேன். அள்ளினேன், எறிந்தேன், விழுந்தேன். விழுந்ததோடு என் பங்கு முடிந்தது. மிச்சத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பந்து நூலும் பிடிக்கவில்லை, கயிறும் பிடிக்கவில்லை. தளத்துக்கு மூன்று அடி தள்ளி, நிலத்தில் குத்தி எங்கேயோ போகப் பார்த்தது. மொரிசியஸ்காரர் ஒரு காலைத் தளத்தில் ஊன்றிக்கொண்டு, மற்றக் காலை நீட்டினார். அந்த உயரமான மனிதர் கத்தரிக்கோலைத் திறந்தாற்போல் நிலத்தோடு நிலமாக விரிந்தார். பந்து புழுதிக்குள்ளிருந்து எழும்ப, கையுறையின் நுனியால் அள்ளினார். பிறகு எழும்பத் தெரியாமல் கையை ஊன்றி, தொடையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அப்போது நான் தலையைத் தூக்கி நடுவரைப் பார்க்கிறேன், அவரை அல்ல.

மண்டபத்தில் ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. எல்லாருக்கும் இது முதல் நாளே தெரியும். வாசலில், வரிசையில், பாதரின் மேசையில் நான் கதை சொல்லும்போதெல்லாம் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார்கள்.

கேக்கை மேசையில் வைத்துவிட்டு அவரிடம் போனேன். எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. "மன்னியும். நான் விழுந்து கிடந்தன். பாக்கேல்லை," என்று தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியதோ தெரியாது. பிறகு இத்தாலியனில் கேட்டேன், அப்படி ஒரு பந்தை எப்படி எட்டினீர் என்று.

அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "நீங்கள் எறிகிற பந்து எந்தப் பக்கம் போகும் என்று மூன்று வருடமாகப் பார்க்கிறேன். நீங்கள் கையைத் தூக்கினதுமே நான் அந்தப் பக்கம் சாயத் தொடங்கிவிட்டேன்."

அன்று மிச்சக் கேக்கை ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். ஒவ்வொரு மேசையிலும் கதையைத் திரும்பவும் சொன்னேன், இந்தத் தடவை பந்து போன உண்மையான வழியில். பாதருக்கு இரண்டு தரம் சொன்னேன். முதல் சொன்ன பொய்க்கு அதுவே பாவப் பரிகாரம் என்றார்.

செவ்வாய் பின்னேரம் துறைமுகத்துக்குப் போனோம். ஜெனோவாக் கப்பலுக்குக் காரை ஏற்றுகிற வரிசையில் வெயில் இன்னும் இறங்கவில்லை. தம்பி காரின் முன் கண்ணாடிக்குக் கீழே அந்தப் பந்தை வைத்திருந்தார். அதில் ஒன்பது பேரும் கையெழுத்து வைத்திருந்தோம். அவர் பக்கக் கண்ணாடியை இறக்கி, "என்ன அண்ணை, பல்லுக்கொதி மாறிட்டுதோ?" என்று கேட்டார்.

"உமக்கு அப்பவே தெரியுமோ?"

"நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கிறியள் எண்டால் வேறை என்ன காரணம் இருக்கும்? நாவூறு படும் எண்டு நானும் பேசாமல் இருந்தனான்." வரிசை நகர்ந்தது. காரை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் புத்தகத்திலை அதுக்கும் ஒரு இலக்கம் போட்டிருக்க வேணும்."

இன்றைக்கும் ஏதாவது ஒரு காரியத்தை நானே தனியாகச் சாதித்தேன் என்று சொல்ல வாய் திறக்கும்போது, வாயில் அந்த மண் தட்டுப்படுகிறது. நான் எறிந்துவிட்டு முகங்குப்புறக் கிடந்த இரண்டு வினாடிக்குள், என் பிழையான பந்துக்காக ஒரு மனிதர் தன் காலை நீட்டிக்கொண்டிருந்தார் என்பது நினைவுக்கு வந்து, கதையை அவரிடமிருந்து தொடங்குகிறேன்.